கடலோர மனை வாங்கலாமா? லமலேரா குறித்து வாசகர்கள் கேட்டவை

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், ஃபுளோரஸ் தீவுக்கு அப்பால் உள்ள லெம்பாட்டா தீவின் தென்கரையில் லமலேரா என்றொரு சிற்றூர் இருப்பதையும், அவ்வூரார் மரப்படகில் சென்று, மூங்கில் கழியில் பொருத்திய இரும்பு எறியுளியால் இன்றும் திமிங்கிலம் பிடிப்பதையும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம். வேட்டையைவிட அவ்வூரின் நிலத்தைப் பற்றிக் கேட்டவர்களே மிகுதி என்பதால், அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): விளைநிலமே இல்லாத ஊர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மக்கள் கூட்டம் ஏன் குடியேற வேண்டும்?

விரும்பிக் குடியேறியவர்கள் அல்லர். ஒதுங்க இடம் தேடி வந்தவர்கள். தங்கள் முன்னோர் சுலவேசித் தீவின் லுவுக் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல தீவுகளைக் கடந்து, லெம்பாட்டாவுக்குக் கிழக்கே லெப்பான் பத்தான் என்ற தீவில் தங்கியதாகவும், அத்தீவு கடல் பேரழிவுக்கு இரையானபின் இங்கு வந்ததாகவும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோதே இந்த மண்ணுக்கு உரியவர்கள் இங்கு இருந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது லபலேக்காங் எரிமலையின் அடிவாரத்தில், படகை ஏற்றி வைக்க ஒரு சிறு மணற்கரையும் அதற்கு மேலே செங்குத்தான பாறைச் சரிவும்தான். ஏர் பூட்ட இடமில்லாத அந்தச் சரிவில் வீடு கட்டிக்கொண்டு, உணவுக்குக் கடலை நம்பினார்கள்.

நிலத்துக்கு உரிய பழைய குலத்தாரை இன்றும் அவ்வூரில் 'மண்ணின் தலைவர்கள்' என்ற பொருளுடைய பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். வூஜோன் என்ற குலம் அவர்களில் ஒன்று. மே மாதம் வேட்டைப் பருவம் தொடங்குமுன், அந்தக் குலத்தார் மலையேறிச் சென்று சடங்கு செய்து, திமிங்கிலங்களைக் கடலுக்கு அழைக்கிறார்கள். மே முதல் நாளன்று கடற்கரைச் சிற்றாலயத்தின் முன்னே கத்தோலிக்கத் திருப்பலி நடக்கிறது. 1886-இல் இங்கு வந்த சேசு சபைப் பாதிரிமார் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார்கள். 1920-இல் வந்து தங்கிய பெர்னார்டுஸ் போடே என்ற ஜெர்மானியப் பாதிரியார் காலத்தில் ஊர் முழுவதும் அம்மதத்தைத் தழுவியது. ஆயினும் மலைச் சடங்கும் திருப்பலியும் ஒன்றையொன்று விலக்காமல் அடுத்தடுத்த நாட்களில் நடந்துவருகின்றன.

கேள்வி (தாம்பரம் வாசகர்): ஓய்வூதியப் பணத்தில் கிழக்கு இந்தோனேசியத் தீவு ஒன்றில் கடலோர மனை வாங்க எண்ணுகிறேன். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் பதிந்து, அவரிடம் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று தரகர் சொல்கிறார். லமலேரா போன்ற ஊரில் இது நடக்குமா?

தயவுசெய்து அந்தத் தரகரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது பினாமி ஏற்பாடு. 1960-ஆம் ஆண்டின் இந்தோனேசிய அடிப்படை நிலச் சட்டம் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து அடைத்துவைத்திருக்கிறது. முழு உரிமையை, அதாவது அங்கே ஹாக் மிலிக் எனப்படும் சொந்த உரிமையை, தனி மனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே பெற முடியும் என்று அதன் 21-ஆம் பிரிவு கூறுகிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்த உரிமை வெளிநாட்டவருக்குச் சேருமாறு செய்யப்படும் எந்தக் கிரயமும் செல்லாது என்றும், அந்த நிலம் அரசைச் சேரும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றும் 26-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வழக்கு என்று வந்தால் உங்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை. உங்கள் பெயர் ஏறாத பத்திரத்தை நம்பி ஓய்வூதியப் பணத்தை வைப்பதைவிட அதை வங்கியிலேயே விட்டுவைக்கலாம்.

வெளிநாட்டவருக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. முறையான வசிப்பு அனுமதி பெற்றவர்கள் ஹாக் பாக்காய் எனப்படும் பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்துக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசு விதிப்படி அந்த உரிமை முதலில் 30 ஆண்டுகளுக்கும், நீட்டிப்பாக 20 ஆண்டுகளுக்கும், புதுப்பித்தலாக மேலும் 30 ஆண்டுகளுக்கும் கிடைக்கும். குத்தகைக்கு எடுப்பதும் முடியும். பாலித் தீவில் வெளிநாட்டவர் பலர் இந்த வழிகளில்தான் வாழ்கிறார்கள்.

ஆனால் லமலேராவைப் பொறுத்தவரை இச்சட்ட வழிகள் கேள்வியின் பாதிக்கு மட்டுமே விடை சொல்கின்றன. அதே நிலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஊர்ச் சமூகங்களின் பொது நில உரிமையை ஏற்றுக்கொள்கிறது. கிழக்குத் தீவுகளில் பல ஊர்களின் நிலம் இன்னும் இந்த மரபு உரிமையின் கீழேயே இருக்கிறது. அங்கே ஒருவர் தாத்தா காலத்திலிருந்து ஓர் இடத்தில் வீடு கட்டி வாழ்ந்தாலும், அதை வெளியாருக்கு விற்கும் உரிமை அவர் ஒருவரிடம் இருப்பதில்லை. குலத்தின் மூத்தவர்கள், மண்ணுக்குரிய பழைய குலத்தார், பக்கத்து எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டார் எனப் பலரின் ஒப்புதல் அதற்கு வேண்டும். பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் எதுவும் காட்டாத நிலத்துக்கும், ஊரில் உரிமை சொல்ல ஐம்பது பேர் இருக்கலாம். அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்களுடைய உரிமை உங்கள் பத்திரத்தைவிடப் பழையது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். லமலேராவின் மணற்கரை ஒரு சிறு துண்டு. அதில் ஒவ்வொரு படகுக்கும் கூரை வேய்ந்த ஒரு கொட்டகை உண்டு. அந்தக் கொட்டகைகளின் முன்னால்தான் படகைக் கட்டுகிறார்கள், வலை பின்னுகிறார்கள், திமிங்கிலத்தை அறுக்கிறார்கள், மாலையில் முதியவர்கள் கூடுகிறார்கள். அதில் ஒரு விடுதிக்கு இடம் ஒதுக்கினால் ஒரு படகுக்கு இடம் போய்விடும். அவ்வூரில் ஒரு படகு போனால் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணையும் என்பதை அடுத்த விடையில் காணலாம். சட்டம் இடம் கொடுத்தாலும் அந்தக் கரையில் வெளியார் மனை வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி (குளச்சல் வாசகி): எங்கள் வீட்டிலும் கடல் தொழில்தான். அங்கே படகு யாருடையது? பிடித்ததை எப்படிப் பங்கு வைக்கிறார்கள்?

தேனா எனப்படும் பெரிய படகு எதுவும் அங்கே தனி ஒருவருக்குச் சொந்தம் அன்று. ஒவ்வொன்றும் ஒரு குலத்தின் கிளைக் குடும்பத்துக்கு உரியது. அதன் பொறுப்பாளராக ஒருவர் இருப்பார். அவருடன் பங்கு உரிமை உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். பங்கு உள்ளவர் படகைக் கட்டவும் செப்பனிடவும் உழைப்பும் பொருளும் தர வேண்டும். படகு கட்டும் முறை இன்றும் முன்னோர் வகுத்தபடியே இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் வரிசையும் வடிவமும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. பலகைகளை இணைக்க இரும்பு ஆணி கூடாது. மர முளைகளை அடித்துச் சேர்த்து, உள்ளே விலாக் கட்டைகளைப் பிரம்பால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பாய், தாளிப்பனை இனத்தைச் சேர்ந்த கெபாங் ஓலையில் முடைந்தது. எறியுளியோடு பிணைக்கும் தலைமைக் கயிறு படகின் உயிராகக் கருதப்படுவதால், வேட்டை இல்லாதபோது அதைக் கரையில் விடாமல் குலத்தின் மூத்த வீட்டில் வைத்துப் பேணுகிறார்கள்.

திமிங்கிலத்தைக் கண்டதும் 'பாலேயோ' என்ற கூவல் ஊர் முழுவதும் பரவ, ஆடவர்கள் கரைக்கு ஓடுகிறார்கள். படகின் முகப்பில் நீட்டிய சிறு மேடையில் லமாஃபா எனப்படும் எறியுளிக்காரர் நிற்பார். படகு நெருங்கியதும் கழியைப் பிடித்தபடியே மேடையிலிருந்து குதித்து, தம் உடல் எடை முழுவதையும் சேர்த்துத் திமிங்கிலத்தின் முதுகில் உளியை இறக்கிவிட்டு, நீரில் விழுந்து நீந்திப் படகுக்குத் திரும்புவார். அதன்பின் அந்த விலங்கு படகை எங்கே இழுத்துச் செல்லும் என்பது யார் கையிலும் இல்லை. உயிர் போனவர்களும் உண்டு, கை கால் இழந்தவர்களும் உண்டு. இப்போது வெளிப்பொறி பூட்டிய சிறு படகுகள் தேனாவைக் கட்டி இழுத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி ஊருக்குள்ளேயே நீண்ட வாக்குவாதம் நடந்திருக்கிறது.

கரை சேர்ந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் (பற்களுள்ள பெரிய திமிங்கில வகை இது) உடலில் இன்ன பாகம் இன்னாருக்கு என்பதில் எவரும் பேரம் பேசுவதில்லை. தலையில் மண்ணின் தலைவர்களுக்குப் பங்கு உண்டு. எறியுளிக்காரருக்கு ஒரு பங்கு, துடுப்பு வலித்தவர்களுக்கு ஒரு பங்கு, படகின் உரிமைப் பங்காளிகளுக்கு ஒரு பங்கு. அன்றைக்குக் கடலுக்கே போகாதவர்களும் விடுபடுவதில்லை: உளியை அடித்துக் கொடுத்த கொல்லர், படகு செய்த தச்சர், பாய் முடைந்தவர் ஆகியோருக்கும் உரிய பாகம் இருக்கிறது. பங்கு வாங்கியவர் வீடு திரும்பியதும் மறு பங்கீடு தொடங்கும். சம்பந்திகள், உறவினர்கள், கடலுக்குப் போக ஆள் இல்லாத கைம்பெண்கள் ஆகியோரின் வீடுகளுக்கு இறைச்சி போகும். எஞ்சியதைக் கீற்றுகளாக அரிந்து வீட்டு முன்னால் மூங்கில் கொடியில் காயப் போடுவார்கள். வெயிலில் கொழுப்பு உருகிச் சொட்டும் எண்ணெயை அடியில் ஏனம் வைத்துப் பிடித்து விளக்குக்கு எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கடல் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன். கடலில் வெற்றி தோல்வி வீட்டிலிருந்தே தொடங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. எறியுளிக்காரர் வீட்டில் மனத்தாங்கல் இருந்தாலோ, பங்கில் யாருக்கேனும் அநீதி நடந்திருந்தாலோ உளி குறி தவறும் என்பார்கள். வேட்டை தொடர்ந்து பொய்த்தால் பங்காளிகள் கூடி, யாருக்கு யார்மேல் குறை என்று வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (மதுரை வாசகி): எவ்வளவு சொன்னாலும் திமிங்கிலத்தைக் கொல்வது குற்றமில்லையா? அரசு எப்படி விட்டுவைக்கிறது?

இந்தோனேசியாவின் 1999-ஆம் ஆண்டு 7-ஆம் எண் அரசு விதி, திமிங்கிலங்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தில் அந்நாடு உறுப்பினர் அன்று. லமலேராவில் வயிற்றுப்பாட்டுக்காக நடக்கும் வேட்டையை மட்டும் அரசு பொறுத்துக்கொண்டு வருகிறது. 2009-இல், லெம்பாட்டாவுக்குத் தெற்கே உள்ள சவு (Savu) என்ற கடலில் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தங்கள் கடலும் அதில் சேர்ந்துவிடும் என்று லமலேரா மக்கள் உறுதியாக எதிர்த்ததால், லெம்பாட்டாவை ஒட்டிய நீர்ப்பரப்பு அதில் சேர்க்கப்படவில்லை. ஆனால் 2014 முதல் மாந்தா திருக்கைக்கு நாடு முழுவதும் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது. திருக்கையையும் உணவாகக் கொண்டிருந்த இவ்வூருக்கு அது பெரிய மாற்றம்.

என் கருத்தைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டில் திமிங்கிலங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றவை வெடியுளிகள் பொருத்திய வேட்டைக் கப்பல்களும், பிடித்ததைக் கடலிலேயே அறுத்துப் பதப்படுத்திய ஆலைக் கப்பல்களும்தான். லமலேராவில் ஒன்றிரண்டோடு நின்ற ஆண்டுகளும் உண்டு. சில பத்துகளை எட்டிய ஆண்டுகளும் உண்டு. நீலத் திமிங்கிலத்தை அவர்கள் தொடுவதில்லை. தங்கள் முன்னோருக்கு உதவிய உயிர் என்று அதை மதிக்கிறார்கள். 1970-களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஒரு நார்வே வேட்டை நிபுணரை அனுப்பி, நவீன முறையில் கூடுதலாகப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. 'அதிகம் பிடியுங்கள்' என்று ஒரு காலத்தில் சொன்ன வெளியுலகம், இன்று 'நிறுத்துங்கள்' என்கிறது. வேட்டை குறைய வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அந்தச் சரிவில் வாழ்கிறவர்களுக்கு மாற்று உணவு எது என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி (சேலம் வாசகர்): அங்கே போய்ச் சேரும் வழி என்ன? எந்த மாதம் ஏற்றது?

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் இறங்கியதும் விசா பெற்றுக்கொள்ளலாம். இணையவழி முன்கூட்டியும் வாங்கலாம். கட்டணம் 5 லட்சம் ரூப்பியா. 30 நாள் செல்லும். ஒருமுறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் பாலிக்குப் போய், அங்கிருந்து மேற்குத் திமோரின் குபாங் நகருக்கு விமானம் ஏற வேண்டும். குபாங்கிலிருந்து லெம்பாட்டாவின் தலைநகரான லெவோலெபாவுக்குச் சிறு விமானம் செல்கிறது. ஃபுளோரஸின் கிழக்கு முனையான லாரந்துக்காவிலிருந்து அதோனாரா தீவு வழியாகப் படகிலும் வரலாம். மரப்படகு என்றால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். லெவோலெபாவிலிருந்து லமலேராவுக்குத் தொலைவு குறைவுதான் என்றாலும், மலைப்பாதை மோசமானது. பலகை இருக்கை போட்ட லாரியில் அரிசி மூட்டை, கோழி, ஆட்டுக்குட்டி ஆகியவற்றோடு சில மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். பணம் எடுக்கும் வேலையை லெவோலெபாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை வேட்டைப் பருவமும் வறண்ட பருவமும் சேர்ந்தே வருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை; கடலும் கொந்தளிக்கும். இந்தத் தீவுகளில் இயற்கையின் சீற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் பயணத் திட்டம் போடாதீர்கள். 1979 ஜூலையில் லமலேராவுக்குக் கிழக்கே கரையோர மலைச்சரிவு கடலில் சரிந்து எழுந்த ஆழிப்பேரலையில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2020 நவம்பரில் தீவின் வடக்கே இலே லெவோதோலோக் எரிமலை வெடித்தது. 2021 ஏப்ரலில் செரோஜா புயல் அதே பகுதியில் மலையிலிருந்து பெருவெள்ளத்தைக் கொண்டுவந்து ஊர்களைப் புதைத்தது. 2024 நவம்பரில் கிழக்கு ஃபுளோரஸின் லெவோதோபி எரிமலை உயிர்களைப் பலிகொண்டதோடு, விமானப் போக்குவரத்தையும் நிறுத்திவைத்தது. திரும்பும் நாளுக்கும் பன்னாட்டு விமானத்துக்கும் இடையே சில நாட்கள் இடைவெளி விட்டு வையுங்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள். ஃபுளோரஸிலும் அதை அடுத்த தீவுகளிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியிருப்பதால் தெருநாயைத் தொட வேண்டாம்.

கேள்வி (ஸ்ரீரங்கம் வாசகி): நாங்கள் சைவம். அங்கே பட்டினி கிடக்க நேருமா?

நேராது. சோறும் முருங்கைக்கீரைச் சாறும் லெம்பாட்டாவில் அன்றாட உணவு. வாழைப்பழமும் வள்ளிக்கிழங்கும் மலையிலிருந்து வரும். இவற்றோடு 'ஜாகுங் தீத்தி' என்ற சோளப் பண்டத்தை அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். மக்காச்சோள மணிகளை மண்சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் இரண்டு மூன்றாக வெறுங்கையால் அள்ளி, தட்டையான கல்லின் மேல் வைத்து, மற்றொரு கையிலுள்ள கல்லால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். நம் அவலைப் போல மணி தட்டையாகிவிடும். விரல் நசுங்காமல் இதை நாள் முழுவதும் செய்யும் பெண்களின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வீட்டில் தங்க இடம் தருபவர்களிடம் முதல் நாளே உங்கள் உணவு முறையைச் சொல்லிவிடுங்கள். இறைச்சி பட்ட சட்டியைத் தனியாக வைப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): அங்கே பண்டமாற்றுச் சந்தை நடக்கிறது என்பது உண்மையா?

உண்மை. லமலேராவுக்குப் பக்கத்திலுள்ள வூலாந்தோனி என்ற ஊரில் சனிக்கிழமைதோறும் கூடுகிறது. கடற்கரைப் பெண்கள் காய்ந்த இறைச்சி, மீன், உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தலையில் சுமந்து வருகிறார்கள். மலைப் பெண்கள் சோளம், வாழை, கிழங்கு, வெற்றிலை, பாக்கு ஆகியவற்றோடு இறங்கி வருகிறார்கள். இரு தரப்பும் எதிரெதிரே அமர்ந்திருக்க, சந்தைப் பொறுப்பாளர் வரியைப் பெற்றுக்கொண்டு ஊதலை ஊதியபின்தான் கைமாற்றம் தொடங்கும். 'முங்கா' என்பது அவர்களுடைய அளவு. ஒரு முங்காவுக்கு ஆறு. ஆறு சோளக் கதிர், ஆறு வாழைப்பழம் என்று எண்ணி, இறைச்சிக் கீற்றின் அளவைப் பார்த்து மாற்றிக்கொள்கிறார்கள். நாணயத்தின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் பணம்தான் வேண்டும் என்பதால் பணமும் புழங்கவே செய்கிறது. ஆனால் சோளம் விளையாத சரிவில் வாழும் குடும்பத்துக்கு உணவு வருவது இந்தப் பெண்களின் நடையால்தான். திமிங்கிலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எறியுளிக்காரரோடு நிறுத்திவிடுகிறார்கள். கரைக்கு வந்த இறைச்சியைச் சோளமாக்கும் பாதி வேலை பெண்களுடையது.

கேள்வி (புதுச்சேரி வாசகி): நினைவுப் பொருளாகத் திமிங்கிலப் பல்லில் செய்த மோதிரம் வாங்கி வரலாமா?

வேண்டாம். ஸ்பெர்ம் திமிங்கிலம், அருகி வரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதன் பல்லையோ எலும்பையோ எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதலும் வழக்கும் நேரும். யானைத் தந்தத்துக்கும் இதுவே விதி. அவ்வட்டாரத்தில் மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குத் தலைமுறைகளாகத் தந்தம் கொடுத்து வருகிறார்கள். யானையே இல்லாத தீவில் அவை பழங்கால வணிகத்தில் வந்து சேர்ந்து, வீடு விட்டு வீடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. யாரும் விற்கவும் மாட்டார்கள்.

தந்தத்துக்கு எதிர்ச்சீராகப் பெண் வீட்டார் தருவது கையால் நூற்று, நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்த துணி. அதன் அழகிய கோலங்கள் சில, குஜராத்திலிருந்து கடல் வழியே சென்ற பட்டோலாப் பட்டைப் பார்த்து உருவானவை. அந்தப் பழைய பட்டோலாக்களைச் சில குலத்தார் இன்றும் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். படகும் திருக்கையும் வரும் கோலங்கள் அவர்களுக்கே உரியவை. மூன்று பட்டைகளை இணைத்துத் தைத்த பெரிய சீர்த்துணியை விலைக்குக் கேட்காதீர்கள். விற்பனைக்கென நெய்த சால்வைகளும் சிறு துணிகளும் கிடைக்கின்றன. இடைத்தரகர் கடையில் வாங்காமல் நெய்தவரின் வீட்டிலேயே வாங்குங்கள். வேர்ச்சாயமா கடைச்சாயமா என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். வேர்ச்சாயத் துணி ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு சேர்ந்திருப்பதால், அதற்குச் சொல்லும் விலையில் பேரம் பேச வேண்டாம்.